நுழைவில் இருந்த தோப்பு போய் மண்டபம் வருகிறது: குடியிருப்போர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோவை வடவள்ளிப் பக்கம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற லேஅவுட்டில் இருபது வருடமாகக் குடியிருக்கிறோம். 64 வீடுகள். நுழைவில் இருந்த 80 சென்ட் தென்னந்தோப்பை விற்றுவிட்டார்கள். கீழே கடைகள், மேலே கல்யாண மண்டபம் என்று ஐந்து மாடி வருகிறதாம். வந்துபோக எங்கள் 30 அடி ரோடு ஒன்றுதான். மரங்களை வெட்டிவிட்டார்கள். தடுக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நாள் குறைவு. மரம் வெட்டியாகிவிட்டது என்றால் அடுத்தது ஜேசிபிதான். இரண்டு தளம் காங்கிரீட் போட்ட பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "இவ்வளவு செலவு பண்ணிவிட்டாரே" என்ற பேச்சுதான் முதலில் வரும். அதனால் பந்தல் போட்டு உட்காருவது இருக்கட்டும், முதலில் காகிதத்தைப் பிடியுங்கள்.

அந்தத் தோப்பின் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, ஊரில் எங்கே எது வரலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அது எந்த நில உபயோகத்தில் இருக்கிறது என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கோவைக்கு 1994-ல் வந்த திட்டம்தான் முப்பது வருடம் நடந்தது. 2041 வரைக்கான புதிய திட்டத்தின் வரைவு 2024-ல் வெளியாகி, ஆட்சேபனையும் கேட்டார்கள். பழைய வரைபடத்தில் விவசாயமாக இருந்த இடம் புதியதில் வேறு நிறத்தில் இருக்கலாம். இரண்டையும் பார்த்துவிடுங்கள். விவசாயம் என்றோ குடியிருப்பு என்றோ இருந்து, நில உபயோக மாற்றம் வாங்காமல் மண்டபம் வருகிறது என்றால் உங்கள் வழக்கில் பாதி அங்கேயே ஜெயித்த மாதிரி. மாற்றம் கேட்டிருந்தால் பத்திரிகையில் அறிவிப்பு வந்திருக்கும். அதில் சொன்ன கெடுவுக்குள் ஆட்சேபனை போய்ச் சேர வேண்டும்.

கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு ஒன்று போடுங்கள். திட்ட அனுமதி, கட்டட அனுமதி, ஒப்புதலான வரைபடம் மூன்றின் நகலும் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள், அதுவும் உங்கள் உரிமைதான். பதிலுக்கு 30 நாள் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒப்புதலான வரைபடத்தைக் கட்டுமான இடத்திலேயே, வேலை முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அங்கே அப்படி எதுவும் இல்லை என்றால் தேதி தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் ரோடு. நான் பார்த்த வரையில் இந்த மாதிரி விவகாரங்கள் அதிகம் திரும்புவது இந்த இடத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டிகள் கிளம்பும் முன், நூறடி டேப்பும் இரண்டு ஆளுமாகப் போய் நுழைவிலிருந்து தோப்பு வாசல் வரை பத்து இடத்தில் அளங்கள். பத்திரத்தில் 30 அடி என்றிருக்கும். டேப்பில் ஓரிடத்தில் 26, டிரான்ஸ்பார்மர் நிற்கும் இடத்தில் 22 என்று வரும். கட்டடத்தின் பரப்புக்கும் உயரத்துக்கும் தக்க ரோட்டு அகலம் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இருக்கிறது. உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் குறைந்தது 12 மீட்டர் ரோடு வேண்டும். உங்களுடையது முழுதாக இருந்தாலும் 9 மீட்டர் சொச்சம்தான். அளந்ததை வரைபடமாகப் போட்டு, அதிகாரிகளுக்குக் கொடுக்கப்போகும் புகார் மனுவோடு இணையுங்கள். ஆனால் ஒன்று, நம் வீட்டு ரேம்ப்பும் செடித்தொட்டியும் ரோட்டில் நீண்டிருந்தால் அளக்கும் முன் அதை எடுத்துவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் படம் பிடிப்பது அதைத்தான்.

ரோட்டை கேட் போட்டு மறிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். லேஅவுட் ரோடுகள் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தவை, அவை பொது வழி. அதேபோல உங்கள் ரிசர்வ் சைட் மேலும், அதாவது லேஅவுட்டில் பூங்கா போன்ற பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய இடத்தின் மேலும், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் பார்க்கிங் அங்கேதான் போய் நிற்கும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அக்கம்பக்கத்தார் போன வழக்கில், 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 1974-ஆம் ஆண்டு உடுப்பி வழக்கு. கல்யாண மண்டபத்துக்கென்று அனுமதி வாங்கிய இடத்தில் சினிமா தியேட்டர் கட்டப் பார்த்தார்கள். திட்டத்தை மீறிக் குடியிருப்புப் பகுதியில் அனுமதி கொடுத்தால் அங்கே குடியிருப்பவர் வழக்குப் போடலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. "உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்களுக்கு அது போதும்.

சுற்றுச்சூழல் அனுமதியைப் பிடித்துத் தடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது 20,000 சதுர மீட்டர் கட்டுமானத்திலிருந்துதான் தேவை. 80 சென்ட் என்பது 3,237 சதுர மீட்டர். இரண்டு மடங்கு கட்டினாலும் 6,500-க்குள் அடங்கிவிடும்.

புகார் மனுவை டிடிசிபி, மாநகராட்சி ஆணையர் இருவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு விதிமீறிய வேலையை நிறுத்தவும், 56-ஆம் பிரிவு கட்டியதை அகற்றவும் அதிகாரம் தருகிறது. இரண்டு எண்ணையும் மனுவில் குறிப்பிடுங்கள். பதில் இல்லாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

தோப்பை ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு வேலை உண்டு. அடித்தளம் தோண்ட ஆரம்பிக்கும் முன், சுவர், தரை, கிணற்று உறை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு விரிசல் விட்டால், அது முன்பே இருந்ததுதான் என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.