மேற்குச் சுவருக்கு வெப்பத் தடுப்பு: கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: நான் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுங்கை சிப்புட்டில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த ஒரு தாமானில், மாடியில்லாத வரிசை வீடுகளின் மூலை வீட்டில் குடியிருக்கிறேன். பக்கச் சுவர் மேற்கே பார்த்தது. மாலையில் அந்தப் பக்கத்து அறையில் இருக்க முடிவதில்லை. இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சூடு தெரிகிறது. அண்மையில் வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவர், முன், பின், பக்கம் ஆகிய மூன்று வெளிச்சுவர்களிலும் 50 மில்லிமீட்டர் போலிஸ்டைரின் நுரைத் தகடு ஒட்டி மேலே பூசித் தருவதற்கு 16,000 ரிங்கிட் கேட்கிறார். வீடு முழுவதும் குளிர்ந்துவிடும், மின் கட்டணம் பாதியாகிவிடும், ஐரோப்பாவில் இதைத்தான் செய்கிறார்கள் என்கிறார். செய்யலாமா?

பதில்: மூன்று சுவர்களுக்கும் செய்ய வேண்டியதில்லை. மேற்குச் சுவருக்கு மட்டும் செய்வதைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் கூரையைப் பார்த்த பிறகுதான்.

விற்பனையாளர் பொருளைப் பற்றிச் சொன்னது பொய்யல்ல. நம் வீடுகளின் வெளிச்சுவர் பெரும்பாலும் அரைச்செங்கல் கனம்தான். இருபுறப் பூச்சையும் சேர்த்தால் ஐந்து, ஆறு அங்குலம் வரும். செங்கல் வெப்பத்தை எளிதில் கடத்தும். போலிஸ்டைரின் அதற்கு நேர்மாறானது; 50 மில்லிமீட்டர் தகடு வெப்பத்தைத் தடுப்பதில் ஒரு மீட்டருக்கு மேல் கனமுள்ள செங்கல் சுவருக்கு ஈடாகும். முறையாக ஒட்டிப் பூசினால், அந்தச் சுவரின் வழியாக உள்ளே வரும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கில் வரக்கூடியதே. ஆனால் உங்கள் வீட்டுக்குள் வரும் வெப்பத்தில் சுவர் வழியாக வருவது எவ்வளவு, அதிலும் எந்தச் சுவர் வழியாக வருவது எவ்வளவு என்பதை அவர் சொல்லவில்லை. அவர் கேட்கும் விலை தகுமா தகாதா என்பது அந்தக் கேள்வியைப் பொறுத்தது.

பக்கச் சுவர் மேற்கே பார்த்ததென்றால், முன் சுவரும் பின் சுவரும் வடக்கும் தெற்குமாகத்தான் இருக்கும். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஐந்து பாகையில் இருக்கிறது. இங்கே ஜூன் மாதத்தில் வெயில் சற்று வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். அப்போதும் நண்பகலில் சூரியன் உயரத்தில்தான் நிற்கும் என்பதால், கூரையின் இறக்கு இரண்டு, மூன்று அடி நீண்டிருந்தாலே அந்த இரு சுவர்களின் பெரும்பகுதியும் நிழலில் இருக்கும். வெயில் படாத சுவருக்குக் காப்பு ஒட்டுவதற்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? கிழக்குப் பக்கம் அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொள்ளும் சுவர். அதில் வெயிலே இல்லை. ஆக, மிஞ்சுவது மேற்குச் சுவர் ஒன்றுதான். 1982-ஆம் ஆண்டு தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிய பிறகு, உச்சி வெயில் நமக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் மேற்குச் சுவரில் வெயில் ஏறத் தொடங்கும். நான்கு, ஐந்து மணிக்கு அது சுவரில் நேராக அடிக்கும். செங்கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து உள்ளே விடும். இரவிலும் சுவர் சுடுவதாக நீங்கள் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

கூரையோ காலையிலிருந்து மாலை வரை வெயிலை வாங்குகிறது. பரப்பளவும் ஒரு சுவரைவிடப் பெரிது. மாடியில்லாத வீட்டில் ஒவ்வொரு அறையின் தலைக்கு மேலும் கூரை இருக்கிறது. எனவே முதல் வேலையாக, சீலிங்கில் உள்ள திறப்பு வழியாக, வெயில் தணிந்த நேரத்தில், டார்ச் விளக்குடன் மேலே பாருங்கள். ஓட்டுக்குக் கீழே அலுமினியத் தாள் விரித்திருக்கிறார்களா, விரித்திருந்தால் கிழிந்து தொங்குகிறதா, சீலிங் தட்டின் மேல் ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) போன்ற கனமான காப்பு ஏதேனும் கிடக்கிறதா, அல்லது வெறும் தூசிதானா என்று கவனியுங்கள். அலுமினியத் தாள் வேலை செய்ய வேண்டுமானால், அதன் பளபளப்பான பக்கத்தை ஒட்டி ஓரங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும்; மேல்நோக்கிய பளபளப்பில் தூசி படிந்துவிட்டால் அதன் பயன் குறைந்துவிடும். ராக்வூலை சீலிங்கின் மேல் பரப்புவதற்குச் சுவரை இடிக்கவோ பூசவோ வேண்டாம், சாரம் கட்டவும் வேண்டாம். ஓர் எச்சரிக்கை: பழைய வீடுகளின் சீலிங் தட்டுகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அத்தகைய தட்டை அறுப்பதும் துளையிடுவதும் நுரையீரலுக்குக் கேடு. சந்தேகம் இருந்தால் கைவைக்காமல், விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

கூரையா, சுவரா என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். குறிபார்த்து அழுத்தினால் ஒரு பரப்பின் வெப்பநிலையைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது வன்பொருள் கடைகளில் கிடைக்கிறது. கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேராகக் காட்டிய கருவி இதற்கு ஆகாது. அது உடல் சூட்டை அளப்பதற்கு மட்டுமே. மழையில்லாத ஒரு நாளில், பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் சீலிங்கின் அடிப்பக்கம், மேற்குச் சுவரின் உட்பக்கம், வடக்குச் சுவரின் உட்பக்கம் ஆகிய மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். மூன்று மணிக்குச் சீலிங் மற்ற இரண்டையும்விடச் சூடாக இருந்தால், பணம் முதலில் போக வேண்டிய இடம் கூரை. ஒன்பது மணிக்கு மேற்குச் சுவர் மட்டும் தனித்து நின்றால், அடுத்த இடம் அது. இந்தக் கருவியைப் பளபளப்பான அலுமினியத் தாளின் மேல் காட்டினால் உண்மைக்கு மாறாகக் குறைந்த எண்ணைக் காட்டும். விற்பனையாளர் விளக்குச் சூட்டில் தாள் ஒட்டிய தகடு ஒன்றை வைத்து, கருவியை அதன் மேல் காட்டி, ‘பாருங்கள், எவ்வளவு குளிர்ச்சி’ என்று சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

மேற்குச் சுவருக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றாலும், காப்புத் தகட்டுக்கு முன் நிழலைப் பற்றி யோசியுங்கள். வெயில் சுவரைத் தொட்ட பிறகு தடுப்பதைவிட, தொடாமல் செய்வது மலிவு. நம் தோட்டங்களில் துரை பங்களாவுக்கு மட்டும் நான்கு பக்கமும் அகன்ற வராந்தா கட்டினார்கள். லயத்து வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூலை வீட்டில் பக்கவாட்டு நிலம் இருப்பதால், சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கம்பிப் பந்தல் நிறுத்திப் பாவலையோ பீர்க்கையோ ஏற்றலாம். கொடியைச் சுவரிலேயே படரவிட்டால் ஈரமும் பூச்சியும் சேரும். சுவரின் மேல்பகுதியில் நீட்டுக் கூரை போடுவதும் உண்டு. ஆனால் மாலை வெயில் தாழ்வாக வருவதால் நீட்டுக் கூரை மட்டும் போதாது. அதிலிருந்து மூங்கில் தட்டியையும் தொங்கவிட வேண்டியிருக்கும். நிரந்தரமாக எதைக் கட்டுவதானாலும், கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் தகடுதான் வேண்டும் என்று முடிவு செய்தால், மூன்று விஷயங்களில் கண் வையுங்கள். முதலாவது கறையான். ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் மண்ணுக்குள் பழைய வேரும் கட்டையும் கிடக்கும், கறையானும் இருக்கும். போலிஸ்டைரின் அதற்கு உணவல்ல என்றாலும், அதைக் குடைந்து வழி அமைத்துக்கொள்ளும். பூச்சுக்குப் பின்னால் மண் தடம் ஏறுவது உங்கள் கண்ணில் படாது, கூரைக் கட்டையை அது அடைந்த பிறகுதான் தெரியவரும். அதனால் தகட்டைத் தரையிலிருந்து தொடங்கக் கூடாது. குறைந்தது ஆறு அங்குலச் சுவரை வெறுமையாக விட்டு, அதற்கு மேல் உலோகத் தாங்கு பட்டை அடித்து, அதன் மேல்தான் தகடு உட்கார வேண்டும்.

இரண்டாவது மழை. வேலையின் தரம் சுவரின் நடுவில் தெரியாது, சன்னலின் விளிம்பில் தெரியும். சுவர் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் தடித்துவிடுவதால், பழைய சன்னல் அடித்தட்டு உள்ளடங்கிப் போய்விடும். அதை நீட்டி, நுனியில் நீர் சொட்டுவதற்கான பள்ளம் வைத்து, தகடும் சன்னல் சட்டமும் சேரும் இடத்தை நீளும் தன்மையுள்ள பசையால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் இறங்கும். ஏர்கோன் குழாய் சுவருக்குள் நுழையும் துளையும் இப்படித்தான். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில், பின்னால் சிக்கிய நீர் காய்வது கடினம். சுவரில் ஏற்கெனவே வெடிப்போ கசிவோ இருந்தால், அதைச் சரிசெய்யாமல் மேலே தகடு ஒட்டுவது நோயை மூடி மறைப்பதாகும்.

மூன்றாவது தீ. போலிஸ்டைரின் எரியக்கூடியது. 2018 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் சேமநிதி வாரியக் கட்டடத்தின் வெளிப்போர்வையில் தீ பரவியதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது வேறு வகைக் கட்டடம், வேறு வகைப் போர்வை, ஆனாலும் சுவரின் வெளிப்புறத்தில் என்ன ஒட்டுகிறோம் என்று கேட்கப் பழக வேண்டும். தீயை மட்டுப்படுத்தும் வகைத் தகடுதானா என்பதற்கு எழுத்துச் சான்று கேளுங்கள். பின்கட்டு அடுப்பும் கேஸ் தோம்பும் இருக்கும் சுவரானால், எரியாத ராக்வூல் தகட்டையே கேளுங்கள்.

ஐரோப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வெளிச்சுவருக்குக் காப்பு ஒட்டுவது, குளிர்காலத்தில் காசு கொடுத்து உண்டாக்கிய சூட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதற்காக. அந்த வேலையில் பழக்கப்பட்ட நாட்டிலும் அது எளிதாக நடந்துவிடவில்லை: பிரிட்டனில் அரசுத் திட்டங்களின் கீழ் இப்படிக் காப்பு ஒட்டிய வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக, அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் மதிப்பிட்டது. மின் கட்டணம் பாதியாகும் என்பதும் இங்கே பொருந்தாத பேச்சு. சுவர்க் காப்பு குறைக்கக்கூடியது ஏர்கோன் செலவை மட்டுமே. விசிறி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் செலவு அப்படியே இருக்கும். ஏர்கோன் இல்லாத வீட்டில் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஓர் அறையில் இரவுத் தூக்கம். அதற்கும் ஒரு விலை உண்டுதான், 16,000 ரிங்கிட் அல்ல.

கேள்வி: இதே போன்ற வேலைக்கு, வீட்டுக்கு வந்தவரிடம் நான் போன வாரமே கையெழுத்துப் போட்டு 1,000 ரிங்கிட் முன்பணமும் கொடுத்துவிட்டேன். மகன் வேண்டாம் என்கிறான். திரும்பப் பெற முடியுமா, ஐயா?

பதில்: முடியும், அம்மா. ஆனால் உடனே செயல்பட வேண்டும். 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின்படி, வீடு வீடாக வந்து செய்யும் 300 ரிங்கிட்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள விற்பனைக்கு எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும். மனம் மாறினால் அதை ரத்து செய்ய வாங்குபவருக்குப் பத்து வேலை நாள் அவகாசமும் உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக எண்ணிக்கொள்ளுங்கள். வாட்சாப்பில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். ரத்து செய்வதாக ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்களே விளம்பரம் பார்த்து அழைத்து அவர் வந்திருந்தால், அது வீடு தேடி வந்த விற்பனை அல்ல என்று அவர்கள் வாதிடக்கூடும். அதனால் யார் முதலில் தொடர்பு கொண்டது என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

பணம் திரும்பாவிட்டால், திரிபுனல் பெங்குனா என்று அலுவலகத்தில் சொல்லும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத் தாள், பணம் கட்டிய ரசீது, விற்பனையாளர் கொடுத்த அட்டை எதையும் எறிந்துவிடாதீர்கள். கட்டுமான வேலை செய்பவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதால், தாளில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: வெப்பத்தைத் தடுக்கும் சாயம் என்று விற்கிறார்களே, தகட்டுக்குப் பதிலாக அதை அடித்தால் போதாதா?

பதில்: சாயம் தகட்டின் வேலையைச் செய்யாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சு, எந்தப் பொடி கலந்திருந்தாலும், வெப்பம் கடந்து செல்வதைக் குறிப்பிடும்படி தடுக்க இயலாது. அது செய்வதெல்லாம் வெயிலைத் திருப்பி அனுப்புவதுதான், அதைச் சாதாரண வெள்ளை வெளிச்சுவர்ச் சாயமும் பெருமளவு செய்யும். உங்கள் மேற்குச் சுவர் இப்போது கரும்பழுப்பாகவோ கடும்பச்சையாகவோ இருந்தால், வெள்ளைக்கு மாற்றுவதன் பலன் கையில் தெரியும். ஏற்கெனவே வெளிர் நிறமாக இருந்தால், கூடுதல் விலைச் சாயத்தால் பெரிய மாற்றம் வராது. நம் ஊரில் வெள்ளைச் சுவரைக் கெடுப்பது பாசிதான். கறுத்த இடங்களைப் பாசி கொல்லும் கரைசலால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அடிச்சாயம் பூசி, பாசி எதிர்ப்பு உள்ள வெளிச்சுவர்ச் சாயத்தை இரண்டு முறை அடிக்கச் சொல்லுங்கள்.