நஞ்சம்மா, நச்சினார்க்கினியர், நஞ்சை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ‘நஞ்சு’ என்ற சொல்லைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கே இம்முறை இடம்.

கேள்வி: பேத்திக்குப் பாட்டியின் பெயரை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் மாமியார் பெயர் நஞ்சம்மா. மகளுக்கு அதையே வைக்கலாம் என்றால், “பிள்ளைக்கு விஷம் என்று யாராவது பெயர் வைப்பார்களா?” என்று நாத்தனார் முதல் எல்லோரும் தடுக்கிறார்கள். இந்தப் பெயருக்கு வேறு பொருள் உண்டா ஐயா?
– ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: வேறு பொருள் தேட வேண்டாம் அம்மா. நஞ்சு என்றால் விஷம்தான். ஆனால் உங்கள் மாமியாரின் பெயர் நஞ்சைக் குறிக்கவில்லை, நஞ்சை உண்டவரைக் குறிக்கிறது. மைசூருக்குத் தெற்கே, கபினி ஆற்றங்கரையில் நஞ்சன்கூடு இருக்கிறது. அங்கே கோயில் கொண்ட சிவபெருமான் நஞ்சுண்டேசுவரர். பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகாலத்தை உண்டு கண்டத்தில் நிறுத்திக்கொண்டவர். நஞ்சுண்டன், நஞ்சப்பன், நஞ்சம்மா எல்லாம் அவர் பெயரின் வழியே வந்தவை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் உங்கள் பக்கத்தில் இந்தப் பெயர்கள் வழங்குவதில் வியப்பில்லை. ‘நஞ்சு’ என்ற சொல்லே தமிழுக்கும் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. கன்னடத்தில் அது மனத்தில் வைத்திருக்கும் பகையையும் குறிக்கும்.

நஞ்சன்கூட்டு இறைவனை மக்கள் மருத்துவராகவே நம்பி வணங்குகிறார்கள். திப்பு சுல்தானின் யானைக்கு வந்த கண்நோய் அங்கே வேண்டிக்கொண்ட பின் தீர்ந்ததாகவும், அதனால் அவர் இறைவனை ‘ஹக்கீம் நஞ்சுண்டா’ என்று அழைத்ததாகவும் வழிவழியாகச் சொல்வார்கள். ஹக்கீம் என்றால் வைத்தியர்.

இன்னும் நெருக்கமான சான்று தகடூரிலேயே, அதாவது நம் தருமபுரியிலேயே இருக்கிறது. அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் எப்படி வாழ்த்தினார் தெரியுமா? “நீல மணிமிடற்று ஒருவன் போல மன்னுக பெரும நீயே” என்று. புறநானூற்றின் 91ஆம் பாட்டு. நீலமணி போன்ற கழுத்தை உடைய ஒருவன் என்றால், நஞ்சுண்டவன். நெடுங்காலம் வாழ் என்று வாழ்த்த ஔவைக்கு நினைவு வந்தது நஞ்சுண்ட கழுத்துதான். அந்தக் கனியின் சிறப்பைச் சொல்லாமல் “நின்னகத்து அடக்கி”க் கொடுத்தாயே என்று அதே பாட்டில் நெகிழ்கிறார். நஞ்சைக் கழுத்தில் அடக்கியவனும், கனியின் பெருமையை நெஞ்சில் அடக்கியவனும் அவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் என்னை நிறுத்திவைக்கிற இடம் அது.

நஞ்சம்மா என்றே பெயர் வையுங்கள். கேலி செய்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல மகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: நச்சினார்க்கினியர் என்ற உரையாசிரியர் பெயரில் ‘நச்சு’ இருக்கிறதே, அது நஞ்சா?
– கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: இல்லை தம்பி. தமிழில் இரண்டு ‘நச்சு’ உண்டு. ஒன்று நஞ்சிலிருந்து வருவது. இரும்பு என்பது ‘இருப்புப் பாதை’யில் இருப்பு ஆவது போல, நஞ்சு என்பது ‘நச்சுப்பல்’லில் நச்சு ஆகிறது. மற்றது வினைச்சொல். நச்சுதல் என்றால் விரும்புதல். “நசை பெரிது உடையர்” என்று குறுந்தொகை சொல்லும் நசை இதற்கு உறவு. நச்சினார்க்கு இனியர் என்றால் தம்மை விரும்பியவர்களுக்கு இனியவர் என்று பொருள். தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் சீவக சிந்தாமணிக்கும் உரை கண்ட பெருமகனின் பெயரில் நஞ்சு ஒரு துளியும் கிடையாது.

இந்த இரண்டு சொல்லையும் ஒரே குறளுக்குள் வைத்தார் வள்ளுவர்:

நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள்
நச்சு மரம்பழுத் தற்று.

யாருக்கும் எதுவும் கொடுக்காததால் யாராலும் விரும்பப்படாதவனின் செல்வம், ஊர் நடுவே நச்சு மரம் பழுத்துக் கிடப்பதற்கு ஒப்பு. எட்டி மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பழம் ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும், உள்ளே இருக்கும் கொட்டை ஆளைக் கொல்லும். “எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன” என்ற பழமொழி சொல்வதும் இதையேதான். தேர்வில் இந்தக் குறள் வந்தால் முதல் நச்சுக்கும் இரண்டாம் நச்சுக்கும் பொருள் வேறு என்பதைத் தவறாமல் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பங்காளி ஒருவர் செய்வதெல்லாம் விஷமம். விஷம் என்பதிலிருந்துதானே விஷமம் வந்தது? மனத்துக்குள் வளர்க்கும் பகைக்குத் தமிழில் சரியான சொல் எது?
– ஒரு வாசகர், அரூர்

பதில்: விஷமத்துக்கும் விஷத்துக்கும் உறவில்லை. வடமொழியில் சமம் என்பதன் எதிர்ச்சொல் விஷமம். மேடுபள்ளம், ஒழுங்கின்மை என்பது பொருள். ஒழுங்கற்றது கோணலாகி, கோணல் குறும்பாகித் தமிழுக்குள் வந்து சேர்ந்தது. அதனால்தான் குழந்தையை ‘விஷமக்காரன்’ என்று கொஞ்ச முடிகிறது.

உள்ளே வளர்க்கும் பகைக்குச் செற்றம், கறுவு, வன்மம் எனப் பல சொற்கள் உண்டு. நான் தேர்ந்தெடுப்பது ‘காழ்ப்பு’. காழ் என்றால் மரத்தின் உள்ளே முற்றி இறுகிய வயிரப் பகுதி. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே வெட்டிவிடு, காழ்த்துவிட்டால் வெட்டுகிறவன் கையை அது வருத்தும் என்று பகையைப் பற்றிய அதிகாரத்தில்தான் வள்ளுவர் சொல்கிறார்: “களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து.” நஞ்சு வெளியிலிருந்து உடம்புக்குள் போவது. காழ்ப்பு அப்படியல்ல, நாம் வைத்து வளர்த்ததால் நமக்குள்ளேயே முற்றியது. பங்காளிச் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் அறியேன். வரப்புத் தகராறா, கிணற்றுப் பங்கா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் இந்த ஆண்டே ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிவிடுங்கள்.

கேள்வி: தக்காளிக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை ‘மருந்து’ என்கிறோம். வேண்டாதவர் சோற்றில் கலந்து கொடுத்துவிட்டார் என்று சந்தேகப்பட்டாலும் ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்கிறோம். கொல்வதற்கு எப்படி மருந்து என்று பெயர் வந்தது?
– ஒரு விவசாயி, பாலக்கோடு

பதில்: நல்ல கேள்வி. செடியின் பக்கம் நின்று பார்த்தால் அது மருந்து, பூச்சியின் பக்கம் நின்றால் நஞ்சு. விவசாயி செடியின் பக்கம் நிற்பவர். அன்றியும் மருந்து என்பது குணப்படுத்துவதை மட்டும் குறித்த சொல் அல்ல. ஆற்றல் உள்ள கலவைக்கும் அந்தப் பெயர் உண்டு. வெடிமருந்து என்கிறோமே.

ஆனால் வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். குழந்தைக்கு மருந்து என்றால் இனிப்பான இருமல் மருந்து. திண்ணையில் இருக்கும் பாட்டிலையும் மருந்து என்று அதன் காதுபடச் சொன்னால் அது என்ன நினைக்கும்? பாட்டிலின் மேல் ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் குடிக்கத்தக்கது அல்ல. வீட்டில் அதை நஞ்சு என்றே சொல்லுங்கள், பூட்டி வையுங்கள்.

சோற்றில் ‘மருந்து வைத்தல்’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீராத வயிற்று வலி வந்தால் யார் வைத்தார்கள் என்று சொந்தக்காரர்களை எண்ணிப் பார்ப்பதும், ‘மருந்து எடுப்பவரிடம்’ போவதும் நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. வலி குடற்புண்ணாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். யார் மீதோ வைத்த சந்தேகம் நோயைத் தீர்க்காது, உறவை மட்டும் கெடுக்கும்.

கேள்வி: வைரஸை ‘நச்சுயிரி’ என்பது சரியா?
– ஒரு தொழிலாளி, ஓசூர்

பதில்: மிகவும் சரி. லத்தீனில் ‘வைரஸ்’ என்றாலே நஞ்சு. நம் ஊரில் விஷம் என்று வழங்கும் வடசொல்லும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. 1898இல் பெயரிங்க் என்ற டச்சு அறிவியலாளர் புகையிலைச் செடியின் நோயை ஆராய்ந்தபோது, நுண்ணிய வடிகட்டியிலும் சிக்காத நோய்க்காரணிக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தினார்.

கேள்வி: நிலத்தை ‘நஞ்சை’ என்கிறோமே, அதிலும் நஞ்சு இருக்கிறதா?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: இல்லை. நன்மை, செய் என்ற இரண்டும் சேர்ந்த ‘நன்செய்’தான் பேச்சில் நஞ்சை ஆனது. செய் என்றால் வயல். புன்செய் புஞ்சை ஆனதும் அப்படியே. பத்திரம் எழுதும்போது நன்செய், புன்செய் என்றே எழுதச் சொல்லுங்கள்.