விழித்திரையின் நரம்பு செல்கள் பின்னோக்கியும் செய்தி அனுப்புவது எதற்கு?

வெளிச்சம் விழித்திரையில் பட்டால் செய்தி மூளையை நோக்கித்தானே போக வேண்டும், வந்த வழியே திரும்பியும் போகிறது என்கிறார்களே, அது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மலேசியாவின் பந்திங்கில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். அப்பா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் விடியுமுன்னே வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவேன். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் உளி இழுத்த கோட்டில் பால் துளிர்த்து, வழிந்து, மங்கில் சொட்டும். பட்டை பழுப்பு, பால் வெள்ளை. பால் எடுக்கப் போகும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். அப்போதும் பட்டை அதே பழுப்பு, பால் அதே வெள்ளை. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? வெயில் பட்ட பட்டையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சம், விடியற்காலையில் பாலிலிருந்து வந்ததைவிடப் பல மடங்கு அதிகம். கண் வெறும் அளவை மட்டும் பார்த்திருந்தால், பகலில் பட்டைதான் வெள்ளையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கண் அளவைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் கூம்பு செல், கூடுகிற வெளிச்சத்துக்குத் தானாகவே பழகிக்கொள்வது ஒரு பாதி. அக்கம்பக்கத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்வது மறுபாதி. நீங்கள் கேட்ட அந்தத் திரும்பிப் போகும் செய்தி, அதாவது பின்னூட்டம், வருவது இந்த மறுபாதியில்.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூம்பு செல் இருட்டில்தான் ஓயாமல் பேசும். குளுட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டால் வாயைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குளுட்டமேட்டை வாங்குபவற்றில் ஒன்று கிடைமட்ட செல். பெயருக்கு ஏற்றபடி பக்கவாட்டில் கை நீட்டிப் பல கூம்புகளிடம் கேட்கும். போதாததற்கு, பக்கத்துக் கிடைமட்ட செல்களோடும் நேரடி இணைப்பு வைத்திருக்கும். ஆக, அதற்குத் தெரிவது ஒரு கூம்பின் சங்கதி இல்லை, அந்த வட்டாரத்தின் சராசரி. அந்தச் சராசரிக்குத் தக்கபடி, ஒவ்வொரு கூம்பின் அடி நுனியிலும் உள்ள கால்சியம் வாசலை அது கொஞ்சம் அடைத்துப் பிடிக்கிறது. கால்சியம் உள்ளே போனால்தான் குளுட்டமேட் வெளியே வரும்.

சரி, இப்போது சுற்றுவட்டாரத்தில் மட்டும் வெளிச்சம் கூடுகிறது என்று வையுங்கள். சுற்றியுள்ள கூம்புகள் அடங்கும். கிடைமட்ட செல்லின் பிடி தளரும். நடுவில் உள்ள கூம்பின் வாசல் திறந்து, அது குளுட்டமேட்டைக் கூட்டும். குளுட்டமேட் கூடினால் அடுத்த செல்லுக்குப் போகிற சேதி 'இங்கே இருட்டு' என்பது. நடுக்கூம்பின் மேல் விழும் வெளிச்சம் மாறவே இல்லை, சேதி மட்டும் மாறிவிட்டது!

அக்கம்பக்கம் ஒன்றையொன்று அடக்கும் இந்த வேலையை முதலில் காட்டிக்கொடுத்தது அமெரிக்கக் கடற்கரையின் குதிரைலாட நண்டு. நம்மூர்ச் சேற்றுக் கரைகளில் பெலாங்காஸ் என்று பிடிக்கிறார்களே, அதன் உறவுக்காரன். அதன் கண் பல சிறு கண்ணறைகள் சேர்ந்தது. பக்கத்துக் கண்ணறைக்கு வெளிச்சம் காட்டினால் இந்தக் கண்ணறையின் நரம்புத் துடிப்பு குறைவதை ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் பதிவு செய்தார். கண் ஆய்வுகளுக்காக 1967-இல் அவருக்கும் கிரானிட், வால்ட் இருவருக்கும் நோபல் கிடைத்தது. முதுகெலும்புள்ள விலங்கில், கூம்புக்கே செய்தி திரும்பி வருவதை 1971-இல் ஆமையின் கண்ணில் காட்டினார்கள் பெய்லர், ஃபுவோர்டெஸ், ஓ'பிரையன் மூவரும்.

கிடைமட்ட செல் அந்தப் பிடியை எப்படிப் போடுகிறது என்பது பல வருஷ வழக்கு. காபா என்ற வேதிப்பொருள் என்றது ஒரு கட்சி. செல் சுவரின் துளைகள் வழியே ஓடும் மின்னோட்டமே போதும் என்றது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சி, இரண்டு செல்களுக்கும் இடையிலுள்ள இடுக்கின் புளிப்பைச் சொல்கிறது. புளிப்பைத் தரும் புரோட்டான் கூடினால் கால்சியம் வாசல் இறுகும், குறைந்தால் திறக்கும். என் ஓட்டு புரோட்டானுக்கு. ஆனால் ஒரே வழிதான் என்று பந்தயம் கட்ட மாட்டேன்.

அப்புறம் 2011-இல் ஒரு திருப்பம். அதே கிடைமட்ட செல் கூம்பைத் தட்டிக்கொடுக்கவும் செய்கிறது என்று தெரிய வந்தது. அடக்கும் செய்தி வட்டாரம் முழுக்கப் பரவும். தட்டிக்கொடுக்கும் செய்தியோ எந்தக் கூம்பிடமிருந்து குளுட்டமேட் வந்ததோ அதற்கு மட்டும்தான் போகும். எல்லாரையும் ஒரேயடியாக அடக்கினால் சேதியே மெலிந்து போகுமல்லவா? அதை இது ஈடுகட்டுகிறது. விழித்திரையின் உள் அடுக்கில் அமக்ரைன் என்ற செல்கள், கூம்பிடம் சேதி வாங்கும் இருமுனை செல்களுக்கு இதேபோல் பின்னூட்டம் தருகின்றன, அது தனிக் கதை.

இத்தனை பாடு எதற்கு? ஒரு கண்ணில் ஏறக்குறைய மங்கலில் பார்க்க உதவும் 120 மில்லியன் குச்சி செல்களும் 6 மில்லியன் கூம்புகளும் உண்டு. மூளைக்குப் போகும் இழைகளோ சுமார் 1 மில்லியன்தான். எல்லாவற்றையும் அப்படியே அனுப்ப இடமில்லை. அதனால் அக்கம்பக்கத்தோடு உள்ள வித்தியாசத்தையே முக்கியமாக அனுப்புகிறது.

வகுப்பில் நான் செய்வது இதுதான். ஒரே சாம்பல் நிற மணிலா அட்டையில் நாணயத்தளவு வட்டம் இரண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பு அட்டையிலும் மற்றதை வெள்ளை அட்டையிலும் வைப்பேன். வெள்ளை மேல் இருப்பது கறுத்துத் தெரியும். போன மாதம் ஒரு பெண், "டீச்சர் ரெண்டு கடைல வாங்கியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து வந்து இரண்டையும் எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், இந்த வட்ட வித்தையில் மூளைக்கும் பங்கு உண்டு. முழுப் பழியையும் கிடைமட்ட செல்லின் தலையில் போட்டு விடை எழுதிவிடாதீர்கள்.