வெள்ளி ரூபாயைப் படமெடுக்க எந்த லென்ஸ்?

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய் நாற்பது இருக்கிறது, கூடவே ஒரு பொடித் தங்கப் பணம் (‘பணம்’ என்ற பழைய குட்டித் தங்கக் காசு). ஏலத்துக்கு அனுப்பப் படமெடுக்க வேண்டும். கேனான் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். கடையில் 60 மி.மீ. மேக்ரோவும் (மிக நெருக்கத்தில் படமெடுக்கும் லென்ஸ்) ரிங் லைட்டும் (லென்ஸைச் சுற்றி மாட்டும் வளைய விளக்கு) வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரூபாயின் குறுக்களவு சுமார் 30 மி.மீ. உங்கள் கேமரா சென்சாரின் உயரம் 15 மி.மீ.கூட இல்லை. 1:1 என்று சொல்லும் முழு மேக்ரோவில், அதாவது காசின் உருவம் சென்சாரில் அதே அளவில் விழும்படி எடுத்தால், ராணியின் முகம் மட்டும்தான் படத்தில் இருக்கும். முழுக் காசும் வர, அந்த உருப்பெருக்கத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவே போதும். முதலில் கிட் லென்ஸை 55-இல் வைத்து, ஃபோகஸ் ஆகும் வரை நெருங்கிப் பாருங்கள். படத்தின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ரூபாய் நிரப்பும். ஸ்டாண்ட், அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப்/8, இரண்டு நொடி டைமர். ஏலத்துக்கு இது போதும்.

1862 ரூபாயில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் புள்ளிகளை வைத்தும் வகை பிரிப்பார்கள். அந்த நுணுக்கம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் மேக்ரோ வாங்குங்கள், ஆனால் 100 மி.மீ. வாங்குங்கள். 60-க்குக் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 20 செ.மீ. என்று போட்டிருப்பது சென்சாரிலிருந்து அளந்த தூரம். 1:1-இல் லென்ஸ் முனைக்கும் காசுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது, 9 செ.மீ. மிஞ்சினால் அதிகம். 100-இல் 15 செ.மீ. வரை கிடைக்கும். விளக்கின் வெளிச்சம் சாய்வாக உள்ளே வர அந்த இடைவெளி வேண்டும். ரிங் லைட் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் ஒரே சீராக வெளிச்சம் விழுந்தால் நிழல் செத்து, ராணியின் கன்னம் வெள்ளைத் தகடாகிவிடும். பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு போதும்.

தங்கப் பணத்தின் கதை வேறு. பெரும்பாலும் 6 மி.மீ. அளவுதான் இருக்கும், முழு மேக்ரோவிலும் படத்தின் பாதி உயரம் வராது. 100-க்குப் பின்னால், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற குழாயைப் போட வேண்டும். அதிலும் உள்ளே மின்தொடர்பு ஊசிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான வெறும் குழாயில் உங்கள் கேமராவால் அப்பர்ச்சரைச் சுருக்க முடியாது. அது முழுக்கத் திறந்தே நிற்கும், பணத்தின் நடு மட்டும் தெளிந்து ஓரமெல்லாம் மங்கும். ஒரே ஒரு பணத்துக்காக இவ்வளவும் தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜூம் லென்ஸ் பெட்டியில் ‘மேக்ரோ’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் நம்பாதீர்கள். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் 1:4 என்று, அதாவது கால் அளவுதான், இருக்கும். நெய்யில் கலப்படம் என்றால் கேட்க அதிகாரி உண்டு, இதைக் கேட்க நாதியில்லை. பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. துடைத்தால் போய்விடும் என்பார் தரகர், விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று விபூதியோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கச் சொன்ன காசுத் தரகரே நாளைக்கு ‘தேய்த்த காசு’ என்று விலையைக் குறைப்பார்.