தலைப்பெழுத்து

வேலூரில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி

கேள்வி: என் கணவர் 24 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பிடும்போது ஒரு பேச்சு வந்தது. போரில் தாய் தகப்பனை இழந்த குழந்தையை எதிரிப் படைக்காரன் எடுத்து வளர்க்கிறான். பத்து வருடம் கழித்துப் பாட்டி வந்து கேட்கிறாள். யாரிடம் விடுவது? வளர்த்தவனிடமே என்கிறார் அவர். ரத்தம் ரத்தத்தோடுதான் சேர வேண்டும் என்கிறேன் நான். இரண்டு நாளாக அவருக்குக் காபி என் கையால் இல்லை, மருமகள்தான் கொடுக்கிறாள். தீர்ப்புச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கம்மவான்பேட்டை

பதில்: முதலில் காபியைக் கொடுத்துவிடுங்கள், அம்மா. கிட்டத்தட்ட இதே தகராறு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. இரண்டு நாளில் முடிகிற விஷயம் இல்லை.

பிரிவினைக் கலவரத்தில் குடும்பத்தைவிட்டுப் பிரிந்து அடுத்த மதத்தார் வீட்டில் இருந்த பெண்களையும் பிள்ளைகளையும் மீட்க 1949-இல் ஒரு சட்டம் வந்தது. ஆண் என்றால் 16 வயதுக்குள் இருக்க வேண்டும். பெண் என்றால் எந்த வயதானாலும் சரி, மீட்கலாம். பஞ்சாபில் அஜைப் சிங் என்பவர் வீட்டிலிருந்த முஸ்லிம் சிறுமியைப் போலீசார் இப்படி அழைத்துக்கொண்டு போனார்கள். அவர் ஆட்கொணர்வு மனு போட்டார். உயர் நீதிமன்றம் சிறுமியை விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்ய, 1952 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கைதானவருக்குப் பாதுகாப்புத் தருவது அரசமைப்பின் 22-ஆம் பிரிவு; இப்படி மீட்பது அந்தப் பிரிவு சொல்லும் கைது ஆகாது என்றது. சட்டக் கல்லூரியில் நாங்கள் இந்த வழக்கைக் ‘கைது’ என்ற சொல்லுக்காகவே மனப்பாடம் செய்தோம். அந்தச் சிறுமி யாரோடு இருக்க ஆசைப்பட்டாள் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குழந்தை யாரிடம் இருப்பது என்று இன்றும் நாம் புரட்டுகிற காப்பாளர் சட்டம் 1890-இல் வந்தது. குழந்தையின் வயது, மதம், உறவின் நெருக்கம், இறந்துபோன பெற்றோரின் விருப்பம், கேட்டு வருபவரின் குணம் என்று அதன் 17-ஆம் பிரிவு அடுக்கிக்கொண்டே போகும். விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம். ‘கருதலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘கருத வேண்டும்’ என்று இல்லை. எங்கள் தொழிலில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு வாழ்க்கையே விழுந்துவிடும்.

அதே 1890, டிசம்பர் 29. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், வூண்டட் நீ என்ற இடத்தில், லக்கோட்டா பழங்குடியினரை ராணுவம் சுட்டுத் தள்ளியது. பனிப்புயல் ஓய்ந்த பின், சுட்ட நான்காம் நாள் பிணங்களை எடுக்கப் போனபோது, உறைந்துபோன ஒரு தாயின் உடலுக்கடியில் பெண் குழந்தை ஒன்று உயிரோடு இருந்தது. தலையில் மணி கோத்த குல்லாய். அந்த மணிவேலையில் இருந்தது அமெரிக்கக் கொடி! நெப்ராஸ்கா படையின் ஜெனரல் லெனர்ட் கோல்பி, பழங்குடியினர் கையிலிருந்த அவளை வாங்கித் தத்தெடுத்துக்கொண்டார். மனைவிக்கே பிறகுதான் செய்தி போனது. ஆனால் வளர்த்தவர் அந்த அம்மாள்தான், கிளாரா. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பத்திரிகை நடத்தியவர், நல்ல மனுஷி. இருந்தும் அந்தப் பெண் இரண்டு பக்கத்திலும் ஒட்டவில்லை. ‘தொலைந்த பறவை’ என்பது லக்கோட்டா மொழியில் அவளுடைய பெயரின் பொருள். 1920-இல் கலிஃபோர்னியாவில் இறந்தாள். 1991-இல்தான் அவள் ஜனங்கள் தோண்டி எடுத்துவந்து வூண்டட் நீயில் அடக்கம் செய்தார்கள். எலும்பாகத்தான் வீடு வந்து சேர்ந்தாள்.

உங்கள் பக்கத்துக்கு வலுவான சாட்சி அர்ஜென்டினாவின் பாட்டிகள். 1976-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம், பிடித்துவைத்த பெண்களின் குழந்தைகளை எடுத்து வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டது. ராணுவ, போலீஸ் குடும்பங்கள் சில அவற்றைத் தம் வயிற்றுப் பிள்ளை என்றே பதிவு செய்தன. 1977-இல் பாட்டிகள் சங்கமாகச் சேர்ந்தார்கள். பெற்றோரே இல்லாதபோது பாட்டியின் ரத்தத்தைக் கொண்டு பேரக்குழந்தையை அடையாளம் காண 1984-இல் மேரி கிளேர் கிங் என்ற மரபணு விஞ்ஞானி வழி செய்தார். இதுவரை 130 பேருக்கு மேல் கண்டுபிடித்துவிட்டார்கள். அதிலும் சிலர், வளர்த்தவர்களை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று முரண்டு பிடித்தது உண்டு.

என்னைக் கேட்டால், வளர்த்தவர் எதிரியா சொந்தமா என்பது இரண்டாவது. உன் தாய் தகப்பன் இன்னார் என்று சொல்லி வளர்த்தாரா என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன். சொல்லியிருந்தால் உங்கள் கணவர் கட்சி. மறைத்திருந்தால் உங்கள் கட்சி.

கேள்வி: நம் வேலூர்க் கோட்டையில் டிப்பு சுல்தானின் பிள்ளைகளை வெள்ளைக்காரர்கள் வைத்திருந்தார்களே, அதுவும் இதில் சேருமா?
- ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: சேராது. 1792-இல் டிப்பு இரண்டு மகன்களை ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைத்து 1794-இல் திரும்பப் பெற்றார். மீட்கத் தகப்பன் இருந்தான். 1799-இல் டிப்பு இறந்த பின் வேலூருக்கு வந்தது மொத்தக் குடும்பமும். அதற்குப் பெயர் காவல், வளர்ப்பு அல்ல. 1806 ஜூலை சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

கேள்வி: எதிரி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்காக நீங்கள் வாதாடியது உண்டா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: ஒன்றே ஒன்று. 35 வருடம் இருக்கும். பேரணாம்பட்டுப் பக்கம் இரண்டு பங்காளி வீட்டுக்கு ஒரே கிணறு, தண்ணீருக்கு முறை. ஒரு நாள் முறை தவறியது, மண்வெட்டி ஓங்கியது, ஒருவன் செத்தான், ஒருவன் சிறைக்குப் போனான். செத்தவன் மனைவி மறுவருடமே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனவள், சிறையில் இருந்தவன் மனைவி.

பையனுக்கு எட்டு வயதாகும்போது, கொசப்பேட்டையில் மகள் வீட்டில் இருந்த பாட்டி மஞ்சள் பையோடு என்னிடம் வந்தாள். ‘குழந்தையின் அடையாளத்தையே எதிர்மனுதாரர் அழித்துவிட்டார்’ என்று காரசாரமாக மனு எழுதினேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நீதிபதி பையனைச் சேம்பருக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தான், பை தோளில். ஒரு நோட்டை எடுக்கச் சொன்னார். பழுப்பு அட்டை, மூலையில் எண்ணெய்க் கறை, லேபிளில் கோணல் எழுத்தில் பெயர். பெயருக்கு முன்னால் ‘மு’.

“மு என்றால் யார்?”

“எங்கள் அப்பா. கிணற்றுத் தகராறில் இறந்துவிட்டார்.” செய்யுள் ஒப்பிப்பதுபோலச் சொன்னான்.

“யார் சொன்னது?”

“அம்மா” என்று கதவுப் பக்கம் கையைக் காட்டினான். அதற்கு மேல் நீதிபதி கேட்கவில்லை. வளர்த்தவளின் கணவன் பெயரில் ‘மு’ கிடையாது.

பையன் வளர்த்தவளிடமே இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் பாட்டிக்கு என்று உத்தரவானது. வராந்தாவில் கிழவியிடம், சென்னைக்கு மேல்முறையீடு போகலாம் என்றேன். அவள் காதில் ஏறவில்லை.

“என் மகன் எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறாளா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, “ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு, ஐயா?” என்றாள்.

என் குமாஸ்தாவுக்கு அந்தப் பக்கம்தான் ஊர். அவர்தான் நேரம் சொன்னார்.