இன்சுலின் வருவதற்கு முன் சர்க்கரை நோய்க்கு என்ன செய்தார்கள்?

இதே கேள்வியைக் கோத்தகிரியில் என் அக்கா மகனும் கேட்டான். டைப் 1 சர்க்கரை (உடம்பு இன்சுலினைச் சுரக்காத வகை), தினமும் இன்சுலின் ஊசி. "இது இல்லாத காலத்துல என்ன மாமா பண்ணுவாங்க?"

பட்டினி போடுவார்கள். மாவுச்சத்தை அறவே குறைத்து, எலும்பும் தோலுமாகச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ உயிரை இழுத்துப் பிடிப்பது, அவ்வளவுதான் வைத்தியம்.

1921இல் கனடாவின் டொராண்டோவில், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், மருத்துவர் பான்டிங்கும் மாணவர் பெஸ்ட்டும் நாயின் கணையத்திலிருந்து எடுத்த சாறு சர்க்கரையை இறக்குவதைக் கண்டார்கள். அந்தச் சாற்றில் இருந்ததுதான் இன்சுலின். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு மாட்டுக் கணையச் சாற்றை ஊசியாகப் போட்டார்கள். பெரிய பலன் இல்லை, ஊசி போட்ட இடம்தான் புண்ணானது. சாறு சுத்தமாக இல்லை. அதைச் சுத்திகரித்தவர் அதே குழுவில் இருந்த உயிர்வேதியியலாளர் காலிப். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டபோது சர்க்கரை மளமளவென்று இறங்கியது. பையன் இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். என்னைக் கேட்டால் காலிப்புக்குச் சேர வேண்டிய பெயர் பாதிகூடச் சேரவில்லை. 1923 நோபல் பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும்தான்.

அப்புறம் ஒன்று: நம் ஊர் உறைபனி இரவில் இன்சுலினை வெளியே வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது.