மருத்துவப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டாம், அம்மா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார், மகள் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி முடித்திருக்கிறாள். கிள்ளானில் இருக்கும் அத்தை நாள் தவறாமல் போன் போட்டு, "பிள்ளையை டாக்டராக்காவிட்டால் நாலு பேர் முன்னால் எப்படி நிற்பது?" என்கிறாராம்.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால் தனியாரில் சேர்க்கலாம், அதற்கு வீட்டை அடமானம் வைத்து ஊழியர் சேமநிதியையும் எடுக்கலாம் என்ற அத்தையின் யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். லட்சக்கணக்கான ரிங்கிட் போகும். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை அரசு ஒப்பந்த முறையில் எடுக்கிறது. 2021 ஜூலையில் அந்த ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்பு செய்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகளுக்கு நிரந்தர வேலை கிடைக்கும்வரை வங்கி தவணையைத் தள்ளிப்போடாது.

அதைவிடப் பெரிய காரணம் உங்கள் மகள். என்னிடம் தனியாகப் பேசியபோது ஆஸ்பத்திரி வேலையில் ஆசை இல்லை என்று நேராகவே சொன்னாள். பிறகு ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். தமிழ், மலாய்ப் பத்திரிகைகளில் வெட்டிய செய்திகள்: ரப்பர், டிங்கி, சுகாதாரம், ஆற்று மாசு என்று பிரித்து அடுக்கியிருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலை பற்றிய ஒரு செய்தியை மட்டும் நகல் எடுத்து ரப்பரிலும் வைத்திருக்கிறாள், சுகாதாரத்திலும் வைத்திருக்கிறாள். "இது ரெண்டுக்கும் சொந்தம் சார்" என்றாள். அவளை எந்தப் பக்கம் அனுப்புவது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி எல்லாம் அத்தைக்கே தெரியும், அவற்றை விடுகிறேன். நான் சொல்வது தகவல் அறிவியலும் தரவு அறிவியலும் சேரும் ஒரு வேலை. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைக் கணினியில் கொத்துக் கொத்தாகப் பிரித்து, வரைபடமாக்கி, வெவ்வேறு துறை விஞ்ஞானிகளை ஒரே மேசையில் உட்கார வைப்பது.

இது ஏன் தேவை? மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தில் மட்டும் மூன்றரைக் கோடிக்கு மேல் பதிவுகள் உள்ளன. பக்கத்துத் துறையில் என்ன நடக்கிறது என்று படிக்க யாருக்கும் நேரம் இல்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் டான் ஸ்வான்சன் என்று ஒரு தகவல் அறிவியலாளர் இருந்தார். அவர் டாக்டர் அல்ல. மீன் எண்ணெய் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று ஒரு கூட்டம் கட்டுரைகள் சொல்லின. குளிரில் விரல்கள் வெளிறிப்போகும் ரேனோ நோயில் அந்தப் பிசுபிசுப்பு அதிகம் என்று இன்னொரு கூட்டம் சொல்லின. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. மீன் எண்ணெய் அந்த நோய்க்கு உதவலாம் என்று 1986இல் அவர் எழுதினார். 1989இல் வந்த ஒரு மருத்துவச் சோதனை, நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குப் பலன் இருப்பதைக் காட்டியது. ஸ்டெதஸ்கோப்பைத் தொடாமலே ஒருவர் மருத்துவத்துக்குச் செய்த வேலை இது. அத்தையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நம் ஊர் விஷயத்துக்கே வருகிறேன். உங்கள் மாமியார் காலத்தில் வெட்டிய ரப்பர் பாலில் ஒரு புரதம் இருக்கிறது. ரப்பர் மூலக்கூறு நீள்வதோடு சம்பந்தப்பட்டது என்பதால் தாவர வேதியியலார் அதற்கு 'ரப்பர் எலாங்கேஷன் ஃபேக்டர்' என்று பெயர் வைத்தார்கள். கையுறை ஒவ்வாமையை ஆராயும் டாக்டர்களுக்கு அதே புரதம் 'ஹெவ் பி 1'. கணினியோ கட்டுரையிலுள்ள சொற்களை எண்ணுகிறது. எல்லாக் கட்டுரையிலும் வரும் சொல்லுக்கு மதிப்பைக் குறைத்து, அரிதான சொல்லுக்குக் கூட்டி, ஒரே மாதிரி சொற்கள் உள்ளவற்றைப் பக்கத்தில் வைக்கிறது. எனவே ஒரே புரதத்தைப் பற்றிய கட்டுரைகள் படத்தின் இரண்டு மூலைகளுக்குப் போய்விடலாம். இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து இணைப்பதற்கு இரண்டு பக்கமும் படித்த ஆள் வேண்டும்.

படம் அழகாக வந்தால் போதாது. எத்தனை கொத்தாகப் பிரிக்கச் சொல்கிறோமோ அதற்கேற்ப உலகமே வேறாகத் தெரியும். படம் வரையும் சில முறைகளில் இரண்டு கொத்துக்கு நடுவில் தெரியும் தூரத்தை நம்பவே கூடாது. அதனால் படத்தை விஞ்ஞானிகள் முன்னால் விரித்து, ஒவ்வொரு கொத்துக்கும் அவர்களையே பெயர் வைக்கச் சொல்ல வேண்டும். "இது தப்பான இடத்தில் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஏன்?" என்பார். அங்கேதான் கூட்டு ஆராய்ச்சி பிறக்கிறது. சந்தேகமான புள்ளியைத் தள்ளிவிடாமல் இரண்டு இடத்திலும் வைக்கும் பொறுமை உங்கள் மகளுக்கு இப்போதே இருக்கிறது.

செலவைப் பார்ப்போம். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான, இப்படிப் படம் வரையும் விஓஎஸ்வியூவர் மென்பொருள் இலவசம், பைத்தான் நிரல்மொழியும் இலவசம். பப்மெட்டில் ரப்பர் பால் ஒவ்வாமை என்று தேடி, வரும் பட்டியலை இறக்கி அதில் போட்டால் இந்த வாரமே முதல் படம் வந்துவிடும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பட்டத்தில் தரவு அறிவியல் பிரிவு உண்டு. அரசுக் கட்டணத்தோடு பி.டி.பி.டி.என். என்ற அரசின் கல்விக் கடன் போதும், வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. தரவுப் பகுப்பாய்வாளர், ஆராய்ச்சி அலுவலர், பல்கலைக்கழக நூலகர் என்ற பெயர்களில்தான் தேட வேண்டும். முதுகலை வரை போக வேண்டியும் வரலாம். கணிதத்தை விட்டால் எதுவும் நடக்காது, அதை மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் பாட வரிசையை அவளே போடட்டும். அனுப்புவதற்கு முன் கணவரையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வாருங்கள். அத்தை வருவதானால் அவரும் வரட்டும், படத்தை அவருக்கும் போட்டுக் காட்டச் சொல்கிறேன்.